முகத்தை விற்காத நடிகர்

ஓவியன் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு வீடு திரும்பலாம். இசைவாணன் யாழை உறையிலிட்டுவிட்டு ஓய்வு கொள்ளலாம். நடிகனுக்கு அந்த வசதி இல்லை. அவன் முகமும் குரலுமே அவன் கருவிகள். செல்லும் இடமெல்லாம் அவற்றைச் சுமந்தே செல்கிறான். உள்ளத்து உணர்ச்சி மெய்யின்கண் தோன்றுவது என்பதனாலன்றோ தொல்காப்பியரும் அதற்கு 'மெய்ப்பாடு' என்று பெயரிட்டார்! அவ்வாறாயின், ஒரு கொடிய அரசு வந்து, "உன் முகத்தையும் குரலையும் எமக்குக் கொடு; பொன்னும் புகழும் தருவோம்" என்று கேட்குமாயின், நடிகன் செய்யத்தக்கது யாது?

இவ்வினா வெறும் கற்பனையன்று. 1933-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கலைஞர்கள் அனைவர் முன்னும் இது வந்து நின்றது. ஒருவர் இதற்குச் சொன்ன விடையை இக்கட்டுரையில் நினைவுகூர விழைகிறோம். அவர் பெயர் கொன்ராட் ஃபைட். அவரோடு ஒரே நாடகக் குழுவில் வளர்ந்து, ஒரே படங்களில் இணைந்து நடித்த வெர்னர் கிரௌஸ் அதே வினாவுக்கு வேறு விடை சொன்னார். இருவரையும் அருகருகே நிறுத்திப் பார்க்கும்போதே ஃபைட்டின் வாழ்க்கை முழுப்பொருள் பெறுகிறது.

பெர்லின் இளைஞர்

கொன்ராட் ஃபைட் 1893-ஆம் ஆண்டு ஜனவரி 22-ஆம் நாள் பெர்லின் நகரில் எளிய கிறித்தவக் குடும்பமொன்றில் பிறந்தார். படிப்பில் அவர் சிறந்து விளங்கவில்லை. பள்ளி மேடை ஒன்றில் பேசிய சில வரிகளும், பிறர் கைதட்டிய ஓசையும் அவர் உள்ளத்தை நாடகத்தின்பால் ஈர்த்தன. அக்காலத்தில் பெர்லின் நாடக உலகின் முடிசூடா மன்னராக விளங்கியவர் மாக்ஸ் ரைன்ஹார்ட். அவர் நடத்திய டாய்ச்செஸ் தியேட்டர் ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்றிருந்தது. அங்கே நுழைவுத் தேர்வுக்குச் சென்ற இளைஞர் ஃபைட், தாம் பாடம் செய்திருந்ததை உணர்ச்சி பொங்க ஒப்பித்தபோது, ரைன்ஹார்ட் முழு நேரமும் சாளரத்தின் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாராம். ஆயினும் இடம் கிடைத்தது. மாதம் 50 மார்க் ஊதியத்தில், கூட்டத்தில் ஒருவராக நிற்கும் சிறு வேடங்களோடு அவர் கலைவாழ்வு தொடங்கிற்று. ஏறத்தாழ அதே காலத்தில் ரைன்ஹார்ட்டின் குழுவில் சேர்ந்தவர்தாம் வெர்னர் கிரௌஸ். ஃபைட்டைவிட ஒன்பது வயது மூத்தவர்.

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. ஃபைட் படையில் சேர்க்கப்பட்டுக் கிழக்குப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். அங்கே மஞ்சட்காமாலையும் நுரையீரல் அழற்சியும் கண்டு மருத்துவமனையில் கிடந்தார். உடல் தேறியதும், துப்பாக்கி ஏந்துவதற்கு மாறாகப் போர்வீரர்களுக்காக நடத்தப்பட்ட நாடக அரங்குகளில் நடிக்கும் பணி கிட்டிற்று. 1917-இல் படையிலிருந்து முற்றிலும் விடுவிக்கப்பட்டுப் பெர்லினுக்குத் திரும்பினார். மேடையோடு அப்போது வளர்ந்துவந்த ஊமைப்படமும் அவரை அழைத்தது. ஆறடிக்கு மேற்பட்ட உயரம், ஒட்டிய கன்னம், கூரிய நாசி, எதையோ கண்டு அஞ்சியன போன்ற பெரிய விழிகள். பேச்சற்ற படத்துக்கு இத்தகைய முகமே மொழியாயிற்று.

புகழ் அரும்பும் பருவத்திலேயே அவர் துணிந்து ஏற்ற வேடம் ஒன்றுண்டு. 1919-இல் ரிச்சர்ட் ஓஸ்வால்ட் இயக்கிய 'மற்றவரினும் வேறானவர்' என்னும் படத்தில், ஆணை விரும்பும் ஆணாகிய வயலின் கலைஞர் ஒருவராக அவர் நடித்தார். அத்தகையோரைச் சிறையிலிட்ட ஜெர்மானியக் குற்றவியல் சட்டத்தின் 175-ஆம் பிரிவைக் கண்டிப்பதே அப்படத்தின் நோக்கம். அடுத்த ஆண்டே அதனைப் பொதுமக்களுக்குக் காட்டத் தடை விதித்தனர். அச்சட்டப் பிரிவு முற்றாக நீங்கியதோ 1994-இல்தான். இத்தகைய வேடத்தால் தம் பெயர் கெடும் என்று அஞ்சும் இயல்பு ஃபைட்டிடம் இல்லை என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

துயில்நடைஞனும் அவன் எசமானும்

1920-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் பெர்லினில் வெளிவந்தது 'டாக்டர் காலிகாரியின் பெட்டகம்'. ராபர்ட் வீனெ இயக்கிய அப்படம் திரைப்பட வரலாற்றில் ஒரு மைல்கல். சாய்ந்த சுவர்கள், கோணலான சன்னல்கள், திரைச்சீலையில் தீட்டப்பட்ட நிழல்கள் என உலகமே ஒரு கெட்ட கனவாக அதில் காட்சி தருகிறது. சந்தைக்கு வரும் வித்தைக்காரர் காலிகாரி, ஒரு பெட்டிக்குள் செசாரெ என்னும் இளைஞனை வைத்திருக்கிறார். செசாரெ உறக்கத்தில் நடப்பவன். எசமான் கட்டளையிட்டால் இரவில் எழுந்து சென்று கொலை செய்வான். பின் மீண்டும் பெட்டிக்குள் உறங்குவான். எசமானாக நடித்தவர் கிரௌஸ். துயில்நடைஞனாக நடித்தவர் ஃபைட்.

அப்படத்தில் ஒரு காட்சியை ஒருமுறை பார்த்தவர் மறவார். நாயகி உறங்குகிறாள். கறுப்பு உடையணிந்த செசாரெ, சுவரோடு சுவராக ஊர்ந்து வந்து, கத்தியை ஓங்குகிறான். அவள் முகத்தைக் காண்கிறான். ஓங்கிய கை தயங்குகிறது, கத்தி நழுவுகிறது. கட்டளைக்குக் கட்டுப்பட்ட கை முதன்முறையாகக் கீழ்ப்படிய மறுக்கும் அந்த நொடியில் அச்சமும் மருட்கையும் இரக்கமும் அம்முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி மறைவதைக் காணலாம்.

பின்னாளில் அமெரிக்காவில் புகலடைந்த சீக்ஃப்ரீட் கிரகவர் என்னும் திறனாய்வாளர், 1947-இல் எழுதிய நூலில், கொல்லப் பழக்கப்பட்ட எளிய மனிதனின் உருவமே செசாரெ என்றும், ஹிட்லரின் முன்னறிவிப்பே காலிகாரி என்றும் விளக்கினார். இக்கருத்தை மறுப்போரும் உளர். ஆனால் அந்த இரு நடிகர்களின் பிற்கால வாழ்வை நோக்கும்போது, அவ்வேடங்கள் நமக்கு வேறொரு பொருளையும் தருகின்றன.

1926-இல் இருவரும் மீண்டும் இணைந்தனர். 'பிராக் நகர மாணவன்' என்னும் படத்தில் ஏழை மாணவன் பால்டுவினாக ஃபைட்டும், அவனைத் தேடிவரும் மாயக்காரன் ஸ்காப்பினெல்லியாக கிரௌஸும் நடித்தனர். மாயக்காரன் பொன்னைக் குவிக்கிறான். விலையாகக் கேட்பது கண்ணாடியில் தெரியும் மாணவனின் நிழலுருவை. 'இதனால் நமக்கென்ன இழப்பு?' என்று மாணவன் இசைகிறான். கண்ணாடியிலிருந்து அவன் உருவம் இறங்கி மாயக்காரனின் பின்னே நடக்கிறது. பின்னர் அவ்வுருவம் செய்யும் தீமைகளுக்கெல்லாம் மாணவனே பழியேற்று அழிகிறான். உருவத்தை விற்றவன் உயிரையும் விற்றவனே என்பது அக்கதையின் உட்பொருள்.

இந்தியாவைக் காணாத மகாராசா

இடையில் 1921-இல் வந்த ஒரு படத்தை இந்தியராகிய நாம் விட்டுச் செல்லலாகாது. ஜோ மே இயக்கிய 'இந்தியக் கல்லறை' இரு பகுதிகளாக வெளிவந்த பெரும்படம். எஷ்னபூர் என்னும் கற்பனை நாட்டின் மகாராசாவாக ஃபைட் தலைப்பாகையும் மணிமாலையும் அணிந்து தோன்றினார். தனக்குத் துரோகம் செய்த அரசிக்கு, அவள் உயிரோடிருக்கும்போதே கல்லறை எழுப்ப ஒரு மேனாட்டுக் கட்டடக் கலைஞனை அழைக்கும் மன்னனின் கதை அது. கோயிலும் அரண்மனையும் பெர்லினுக்கு அருகே வோல்டர்ஸ்டோர்ஃப் என்னும் ஊரில் மரத்தாலும் சாந்தாலும் கட்டப்பட்டன. அந்த இந்தியா நாம் அறிந்த இந்தியா அன்று. எனினும் அழுத முகத்தோடு அரியணையில் அமர்ந்திருக்கும் அம்மன்னனைக் காணும்போது, போலி மண்டபத்தின் நடுவே மெய்யான துயரம் ஒன்று உலவுவதை உணர்கிறோம்.

ஒலி வந்தபோது

ஃபைட்டின் புகழ் கடல் கடந்தது. அமெரிக்க நடிகர் ஜான் பாரிமோர் அழைக்க, 1926-இல் ஹாலிவுட் சென்றார். அங்கே 1928-இல் வெளிவந்த 'சிரிக்கும் மனிதன்' அவரது பெரும்படங்களுள் ஒன்று. விக்தர் யூகோவின் புதினத்தைத் தழுவிய அப்படத்தின் நாயகனுக்கு, குழந்தைப் பருவத்திலேயே கொடியவர்கள் வாயைக் கீறி என்றும் மாறாத சிரிப்பை முகத்தில் பதித்துவிடுகின்றனர். அழும்போதும் அவன் சிரித்தே தோன்றுவான். வாய் அசையாது கண்களால் மட்டுமே அழுதுகாட்டினார் ஃபைட். 1940-இல் பிறந்த பேட்மேன் சித்திரக்கதையின் ஜோக்கர் என்னும் பாத்திரத்துக்கு இம்முகமே தூண்டுதலாயிற்று என்பதை நம் வீட்டுச் சிறுவர்களுக்குச் சொன்னால் வியப்பர்.

அப்போதுதான் படம் பேசத் தொடங்கிற்று. முகத்துக்கு மொழி வேண்டியதில்லை, நாவுக்கு வேண்டும். தம் ஆங்கிலம் போதாது என்று உணர்ந்த ஃபைட், 1929-இல் பெர்லினுக்கே திரும்பினார். மொழி வேறான நகரில் முதல்முறை கடைக்குச் சென்று, சொல் கிட்டாமல் விரலால் சுட்டிக் காட்டி நின்ற அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டு. அந்நேரத்தில் கற்றவனும் கல்லாதவன் போலாகிறான். சொல்லையே தொழிலாகக் கொண்ட கலைஞனுக்கு அவ்விடர் எத்துணைப் பெரிது என்பதை நம்மால் எளிதில் உணரமுடியும். ஜெர்மன் மொழியில் அவர் மீண்டும் உச்சத்தை எட்டினார். 1931-இல் 'காங்கிரஸ் நடனமாடுகிறது' என்னும் படத்தில் ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக்காகவும், 1932-இல் ரஸ்புடீனாகவும் தோன்றினார். சொந்த ஊர், சொந்த மொழி, குன்றாத புகழ் என எல்லாம் கைகூடியிருந்த வேளையில் 1933 பிறந்தது.

படிவத்தில் எழுதிய ஒரு சொல்

ஹிட்லர் அந்த ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் ஆட்சிக்கு வந்தார். மார்ச் மாதம் முடியுமுன்னரே உஃபா என்னும் பெரும் படநிறுவனம் தன் யூத ஊழியர்களை வெளியேற்ற முடிவு செய்தது. கலைத்துறையினர் தம் இனத்தை எழுத்தால் அறிவிக்கவேண்டிய நிலை வந்தது. ஃபைட் யூதரல்லர். அவருக்கு எந்த இடையூறும் இல்லை. ஆனால் அவர் அந்த ஆண்டில் மணந்துகொண்ட இலோனா பிராகர் யூதப் பெண்மணி. மனைவியைத் துறந்தால் ஃபைட் போன்ற நடிகரை ஆட்சியாளர் தலைமேல் வைத்துக் கொண்டாடியிருப்பர்.

தம்மிடம் தரப்பட்ட படிவத்தில், இனம் எது என்னும் வினாவுக்கு எதிரே, ஃபைட் 'யூதன்' என்று எழுதிக் கொடுத்தார் என அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். ஒரே ஒரு சொல். அச்சொல்லால் அவர் தம் நாட்டையும், மேடையையும், தாய்மொழியையும் இழந்தார். மனைவியோடு இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். நான்கு ஆண்டுகளுக்கு முன் எந்த ஆங்கிலத்துக்கு அஞ்சி அமெரிக்காவை விட்டு வந்தாரோ, அதே ஆங்கிலத்தில் நாற்பதாம் வயதில் புதிதாக நடிக்கத் தொடங்கினார்.

ஒரு கதை, இரு படங்கள்

யோசப் சூஸ் ஓப்பன்ஹைமர் என்பவர் வரலாற்று மாந்தர். வூர்ட்டம்பர்க் நாட்டுக் கோமகனுக்கு நிதி ஆலோசகராக இருந்த யூதர். கோமகன் இறந்ததும் பகைவர் அவரைப் பிடித்து, 1738-இல் ஸ்டுட்கார்ட் நகரில் தூக்கிலிட்டனர். லியோன் ஃபாய்க்ட்வாங்கர் 1925-இல் இவரை நாயகனாக வைத்து ஒரு புதினம் எழுதினார். அப்புதினத்தில், தான் ஒரு கிறித்தவப் பிரபுவுக்குப் பிறந்தவன் என்பதைச் சூஸ் அறிகிறான். அதை வெளியிட்டால் உயிர் தப்பலாம். ஆயினும் அவன் வாய் திறவாமல் யூதனாகவே தூக்குமரம் ஏறுகிறான்.

இங்கிலாந்தில் 1934-இல் இப்புதினம் படமாயிற்று. சூஸ் ஆக நடித்தவர் ஃபைட். படிவத்தில் யூதன் என்று எழுதிய மனிதரே அவ்வேடத்தைத் தாங்கினார் என்பது எண்ணி எண்ணி வியக்கத்தக்கது. இவ்வேடத்தை ஏற்றதறிந்த நாஜிகள், வேறொரு படப்பிடிப்புக்காக அவர் ஜெர்மனி சென்றிருந்தபோது, உடல்நலம் சரியில்லை என்று பொய்க்காரணம் கூறி அவரைத் தடுத்து வைத்ததாகவும், இங்கிலாந்துப் படநிறுவனம் மருத்துவரை அனுப்பி மீட்டதாகவும் சொல்வர். அதன்பின் ஜெர்மானியத் திரையில் அவருக்கு இடமில்லாமற்போயிற்று.

ஆறு ஆண்டுகள் கழிந்தன. 1940-இல் பெர்லினில் அதே சூஸ் கதையை மீண்டும் படமாக்கினர். ஃபாய்க்ட்வாங்கரின் புதினம் அதற்கு மூலமன்று. நாஜிப் பரப்புரை அமைச்சர் கெபல்ஸின் ஊக்கத்தோடு ஃபைட் ஹார்லன் இயக்கிய படம் அது. (இயக்குநரின் முதற்பெயர் நம் நடிகரின் குடும்பப் பெயரோடு ஒலியில் ஒத்திருப்பது தற்செயலே, இருவரும் உறவினர் அல்லர்.) யூதரை இழிந்தோராகவும் கொடியோராகவும் காட்டி, மக்கள் மனத்தில் வெறுப்பை விதைப்பதே அதன் நோக்கம். சுமார் 2 கோடிப் பேர் அதனைப் பார்த்தனர். தன் காவற்படையினரும் காவல்துறையினரும் அதனைக் காணவேண்டும் என்று ஹிம்லர் ஆணையிட்டான். யூதரைக் கூட்டங்கூட்டமாகக் கொல்லவிருந்தவர்களும் அக்கூட்டத்தில் இருந்தனர்.

அப்படத்தில் சூஸ் ஆக நடித்தவர் வேறொருவர். ஆனால் யூத மதகுரு, செயலாளன் முதலிய பல யூத வேடங்களை ஒருவரே ஏற்று, குரலையும் உடலையும் மாற்றி மாற்றி நடித்துக் காட்டினார். அவர்தாம் வெர்னர் கிரௌஸ். கலைத்திறனில் குறை சொல்ல இயலாது. திறன் குறைந்திருந்தால் தீங்கும் குறைந்திருக்கும்! நாஜி ஆட்சியில் நாடகத்துறை மன்றத்தின் துணைத்தலைவராக இருந்தவர் அவர். அரசு நடிகர் என்னும் பட்டமும் பெற்றவர். அவரும் அவருடைய தோழர்களும் செய்தது என்ன என்பதை எடுத்துரைத்து, 1941-இல் ஃபாய்க்ட்வாங்கர் பெர்லின் நடிகர் எழுவருக்குத் திறந்த மடல் ஒன்று எழுதினார்.

'பிராக் நகர மாணவன்' கதையில் உருவத்தை விலைக்கு வாங்கியவர் கிரௌஸ், விற்றவர் ஃபைட். வாழ்க்கையில் நேர்ந்ததோ நேர்மாறு. காலிகாரி, தான் நடித்த எசமானைவிடப் பெரிய எசமானுக்கு ஏவலராயினார். செசாரெயோ கத்தியை நழுவவிட்டு வெளியேறினார்.

பகைவனின் சீருடையில்

ஃபைட் 1939-இல் பிரிட்டிஷ் குடிமகனானார். அவ்வாண்டே அலெக்சாண்டர் கோர்டாவின் 'பாக்தாத் திருடன்' படப்பிடிப்பும் தொடங்கிற்று. அதில் மந்திரவாதி அமைச்சர் ஜாஃபராக ஃபைட்டும், குறும்புச் சிறுவன் அபுவாக சாபுவும் நடித்தனர். சாபு நம் அண்டை மண்ணாகிய மைசூரில், யானைப்பாகன் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். பெர்லின் நாடக மேடையில் பயின்ற கலைஞரும் மைசூர் யானைக் கொட்டிலில் வளர்ந்த சிறுவனும், இருவருக்கும் தாய்மொழியல்லாத ஆங்கிலத்தில் பேசி ஒரே படத்தில் எதிரெதிரே நின்றனர். போர் மூண்டதால் அப்படம் அமெரிக்காவில் நிறைவு பெற்று 1940-இல் வெளிவந்தது.

அமெரிக்காவில் ஃபைட்டுக்கு விசித்திரமான விதி காத்திருந்தது. போர்க்காலப் படங்களுக்கு நாஜி அதிகாரிகள் வேண்டியிருந்தனர். ஜெர்மானிய உச்சரிப்போடு ஆங்கிலம் பேசும் நடிகருக்குக் கிடைத்தவை அவ்வேடங்களே. எவரை வெறுத்து நாட்டைத் துறந்தாரோ, அவர்களுடைய சீருடையையே நாள்தோறும் அணியவேண்டியதாயிற்று. அவ்வேடங்கள் கொடியோராகவே காட்டப்படவேண்டும் என்பதை அவர் நிபந்தனையாக வைத்தார் என்பர். அவ்வூதியத்தின் பெரும் பகுதியைப் பிரிட்டனின் போர் நிவாரணத்துக்கே வழங்கினார். பகைவனின் வேடத்தை விற்றுப் பகைவனை எதிர்க்கப் பொருள் சேர்த்தார் எனலாம்.

இவற்றுள் உலகம் மறவாதது 1942-இல் வெளிவந்த 'காசாபிளாங்கா'. மேஜர் ஸ்ட்ராசர் என்னும் நாஜி அதிகாரியாக அதில் தோன்றுகிறார். விடுதியொன்றில் நாஜிகள் தம் பாடலை முழங்க, ஏதிலிகள் எழுந்து பிரெஞ்சு நாட்டுப் பண்ணைப் பாடி அக்குரலை அமிழ்த்தும் காட்சி புகழ்பெற்றது. அப்படத்தில் நடித்தோருள் பலர் உண்மையிலேயே ஹிட்லருக்குத் தப்பி வந்த ஏதிலிகள். நாஜிக் கூட்டத்தின் தலைவனாக நின்று பாடிய ஃபைட்டும் அவர்களுள் ஒருவரே. தோற்கடிக்கப்படவேண்டிய பாடலைப் பாடியவரின் உள்ளம் எதிர்ப்பக்கத்துப் பாடலில் இருந்தது!

1943-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள், லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் கோல்ஃப் விளையாடிக்கொண்டிருந்தபோது மாரடைப்பால் ஃபைட் காலமானார். வயது 50. ஹிட்லரின் வீழ்ச்சியைக் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. யூதர் என்பதால் தம் நாடக அரங்கை இழந்து வெளியேறிய ஆசிரியர் ரைன்ஹார்ட்டும் அதே ஆண்டில் நியூயார்க்கில் மறைந்தார். ஃபைட்டின் அஸ்தி நெடுங்காலம் அமெரிக்காவிலேயே இருந்து, 1998-இல் லண்டன் கோல்டர்ஸ் கிரீன் மயானத்தில் வைக்கப்பட்டது. பிறந்த பெர்லினுக்கு அது திரும்பவில்லை.

கிரௌஸ் போருக்குப் பின் சில காலம் மேடையேறத் தடுக்கப்பட்டார். பின்னர் தடை நீங்கிற்று. 1954-இல், ஜெர்மன் மொழி நடிகர்களுள் தலைசிறந்தவர் அணியும் இஃப்லாண்ட் மோதிரம் அவர் விரலுக்கு வந்தது. 1959-இல் வியன்னாவில், தம் தாய்மொழி ஒலிக்கும் ஊரிலேயே கண்மூடினார். அறத்தின் கணக்கு இவ்வுலகில் எப்போதும் நேர்செய்யப்படுவதில்லை என்பதை மறைப்பதற்கில்லை.

நிறைவுரை

பிழைப்பு நாடி ஊர்விட்டு வந்தவர்கள் நாம். கோடை விடுமுறையில் இரயிலேறினால் மூன்றாம் நாள் காலையில் சொந்த மண்ணில் இறங்கலாம் என்னும் ஆறுதல் நமக்குண்டு. ஃபைட்டுக்குத் திரும்பிச் செல்ல வண்டி இல்லை. இருப்பதா, செல்வதா என்று அவரை எவரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவுமில்லை. இருக்கலாம் என்ற நிலையிலும் செல்வதைத் தேர்ந்தார். அதுவே அவர் பெருமை.

அவர் வீரவுரை எதுவும் நிகழ்த்தவில்லை. ஒரு படிவத்தில் ஒரு சொல் எழுதினார், பெட்டியைக் கட்டினார், வேற்று மொழியைப் பயின்றார், வந்த வேடத்தை ஏற்றுச் செவ்வனே நடித்தார். ஊமைப்படக் காலத்துப் பழஞ்சுருள்கள் இன்றும் திரையிடப்படுகின்றன. வாய்ப்புக் கிட்டும்போது நம் பிள்ளைகளையும் அழைத்துச் சென்று 'காலிகாரி'யைக் காண்போம். உறங்கும் பெண்ணின் முகத்தைப் பார்த்துக் கத்தி நழுவும் அந்த நொடி வரும்போது, அக்கை பின்னாளில் எழுதிய சொல் எது என்பதையும் அவர்களுக்குச் சொல்வோம்.